பெரிய மீன் எங்கே நிற்கும், எப்படிப் பிடிப்பது: புதிதாகத் தூண்டில் எடுத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கை ஆடுவதைப் பார்த்து உள்ளங்கை நீளக் கெண்டையை இழுக்கப் பழகிய பிறகு, எல்லோருக்கும் அடுத்து வரும் ஆசை ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. முள் கட்டவும் தூண்டில் வீசவும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

சின்ன மீன் தாராளமாக மாட்டுகிறது. பெரியது மட்டும் ஏன் வருவதில்லை?

பெரியவை எண்ணிக்கையிலேயே குறைவு. ஆயிரக்கணக்கில் பொரிக்கும் குஞ்சுகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் பல வருடம் பிழைத்து வளர்கின்றன. அப்படிப் பிழைத்தது ஆபத்துகளைத் தாண்டி வந்தது என்பதால் உஷாராகவும் இருக்கும்.

அதைவிட முக்கியமான காரணம் உடம்பு. ஒரே வகை மீனில் நீளம் இரண்டு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்காகும். 40 செ.மீ. மீனுக்குப் பக்கத்தில் 50 செ.மீ. மீனை வைத்தால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அத்தனை உடம்பை வைத்துக்கொண்டு பொடிப்பொடி இரையின் பின்னால் நாள் முழுக்க ஓடினால் கட்டுப்படியாகாது. அதனால் அலைச்சல் குறைவாகவும் தீனி அதிகமாகவும் இருக்கிற, பக்கத்திலேயே ஒதுங்க மறைவும் உள்ள இடமாகப் பார்த்து அது நின்றுகொள்கிறது. நீங்கள் தேட வேண்டியது இந்த மூன்றும் சேர்ந்த இடத்தைத்தான். மீன் துள்ளுகிற இடத்திலெல்லாம் வீசிக்கொண்டிருந்தால் சின்னதுதான் வரும்.

ஏரியிலோ குளத்திலோ எந்த இடத்தில் போடுவது?

வந்ததும் தூண்டிலைப் பிரிக்காமல் கரையை ஒரு சுற்றுப் பாருங்கள். கரையின் சரிவு பெரும்பாலும் தண்ணீருக்குள்ளும் அப்படியே தொடரும். செங்குத்தான கரைக்குக் கீழே ஆழம் சீக்கிரம் வந்துவிடும். சாய்வாக நீளும் கரை என்றால் வெகுதூரம் வரை முழங்கால் தண்ணீர்தான். மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்புதான் பெரிய மீனுக்குப் பிடித்த இடம். மேட்டில் சின்ன மீன்கள் மேயும், பள்ளத்தில் இது மறைந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு வால்வீச்சுத் தூரம்.

தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. முள் கட்டாமல் ஈயத்தை மட்டும் கட்டி வீசுங்கள். ஈயம் தண்ணீரைத் தொட்டதிலிருந்து தூண்டில் நரம்பு தளரும் வரை மனசுக்குள் எண்ணுங்கள். ஓரிடத்தில் மூன்று வரை எண்ண முடிந்து, சற்றுத் தள்ளிப் போட்டால் ஏழு வந்தால், நடுவில் ஒரு இறக்கம் இருக்கிறது. அப்புறம் ராடை, அதாவது தூண்டில் கோலை, தாழ்த்தி மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரலில் டக்கு டக்கென்று தட்டினால் சரளைக்கல். வழவழவென்று கனத்து வந்தால் சேறு. பிடித்துப் பிடித்து விட்டால் பாசியோ செடியோ. சரளைத் தரை சேறாக மாறும் இடம், செடி முடிந்து வெறும் தரை தொடங்கும் இடம், இவற்றை நினைவில் வையுங்கள். அரை மணி நேரம் இதற்குச் செலவானாலும் வீணில்லை.

வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு. சாய்ந்து கிடக்கும் மரம், நாணல் ஓரம், அல்லி இலைகளின் விளிம்பு, வாய்க்கால் வந்து சேரும் இடம், மதகுக் கல், பாலத்தூண். செடிக் கூட்டத்தின் நட்டநடுவில் போடுவதைவிட, அது மூக்கு நீட்டுகிற முனையிலோ உள்வாங்குகிற இடுக்கிலோ போடுவது மேல்.

காற்றையும் கவனியுங்கள். ஒரே திசையில் நெடுநேரம் அடிக்கும் காற்று மேல்தண்ணீரையும் அதிலுள்ள நுண்ணுயிர்களையும் எதிர்க்கரைக்குத் தள்ளிச் சேர்க்கும். நுண்ணுயிரைத் தேடிப் பொடிமீன் வரும், பொடிமீனைத் தேடிப் பெரியது வரும். முகத்தில் காற்று அறையும் கரையில் வீசுவது எரிச்சலான வேலைதான். ஆனாலும் அந்தக் கரைக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் ஏரியின் மிக ஆழமான இடம்தான் நல்லதா?

எப்போதும் இல்லை. வெயில் காலத்தில் ஆழமான ஏரிகளில் சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயுமாக அடுக்காகப் பிரிந்துவிடும். இரண்டும் கலக்காததால், அழுகும் பொருள் அதிகமுள்ள ஏரிகளில் கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே இரையைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

பெரிய மீனுக்குப் பெரிய ஏரிதான் வேண்டுமா?

ஒரு பழைய சாதனையைச் சொல்கிறேன். லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனின் உலகச் சாதனை 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பதிவானது. பிடித்தவர் ஜார்ஜ் பெர்ரி. எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. அவர் பிடித்தது பேரேரியில் அல்ல. ஆறு திசைமாறியதால் ஒதுங்கிப்போன ஒரு வளைவுத் தண்ணீரில். அதைச் சமன்செய்ய 77 ஆண்டுகள் ஆயின. 2009 ஜூலை 2 அன்று மனாபு குரிட்டா ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவில் அதைச் செய்தார். அவருடைய மீன் ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகக் கூடுதல் எடை இருந்தது. பழைய சாதனையை முறியடிக்க குறைந்தது 2 அவுன்ஸ் கூட வேண்டும் என்பது விதி என்பதால், இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது.

ஒருவருக்கு ஒதுக்குத் தண்ணீர், இன்னொருவருக்கு நாட்டின் மிகப் பெரிய ஏரி. தண்ணீரின் பரப்பைவிட, அதில் தீனி எவ்வளவு, மீன் வளர எத்தனை வருடம் விட்டுவைக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. தினமும் வலை விழும் பெரிய ஏரியைவிட, யாரும் எட்டிப் பார்க்காத குட்டையை நான் முதலில் முயன்று பார்ப்பேன்.

ஆற்றில்?

வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோட்டைத் தேடுங்கள். நுரையும் சருகும் வரிசையாக மிதந்து போவதை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். மீன் மெதுவான பக்கத்தில் நின்றுகொண்டு, வேகமான பக்கம் அடித்துவரும் தீனியை எட்டி எடுக்கும். இரையை ஓட்டத்தின் மேல்பக்கம் வீசி, அந்தக் கோட்டோடு மிதந்து இறங்க விட வேண்டும்.

வளைவுகளில் வெளிப்பக்கக் கரை அரித்து ஆழமாகியிருக்கும், உள்பக்கம் மணல் மேடாக இருக்கும். வெளிப்பக்க மடுவும் அதன் அரித்த கரைக்கு அடியிலுள்ள குடைவும் பெரிய கெளுத்திக்கு வீடு மாதிரி. பெரிய பாறைக்குப் பின்னால் மட்டுமின்றி முன்னாலும் தண்ணீர் சற்றுத் தணிந்திருக்கும். அந்த முன்பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆறுகள் கூடும் இடமும், தடுப்பணைக்குக் கீழுள்ள பள்ளமும் நல்ல இடங்கள். ஆனால் அணைக்குக் கீழே நிற்கும்போது மதகு எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கடற்கரையிலும் முகத்துவாரத்திலும்?

கடலில் இடத்தோடு ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறும்போதோ இறங்கும்போதோதான் தீனி நகரும். இரண்டுக்கும் இடையில் தண்ணீர் சும்மா நிற்கும் நேரத்தில் மீனும் பெரும்பாலும் சும்மா இருக்கும். முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் உள்ளே மேய்ந்துகொண்டிருந்த பொடிமீனும் இறாலும் அதன் குறுகிய வாய்வழியே வெளியே வந்தாக வேண்டும். கொடுவா மீன் அந்தக் குறுகலில் காத்து நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்தாழ்வு அதிகம், ஓட்டமும் அதிகம். தண்ணீர் ஏறும் நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்று ஆறு மணிக்குக் கடித்தது என்று இன்றும் ஆறு மணிக்கே போய் நிற்பது சரிவராது.

மணல் கரையில் அலை உடையாமல் கருமையாகத் தெரியும் பட்டை, மணல் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளம். பாறை மீனும் சீலா மீனும் அதன் வழியாகத்தான் கரைக்கு நெருங்கும். அங்கே வீசலாம், இறங்கக் கூடாது, உள்ளிழுக்கும் ஓட்டம் அங்கேதான் பலமாக இருக்கும். பாறை மேல் நிற்பதானால் முதலில் தள்ளி நின்று சில நிமிடம் அலையைப் பாருங்கள். ஈரமாக இருக்கும் பாறை, அலை அங்கே வரும் என்பதற்குச் சாட்சி.

எந்த நேரம் நல்லது?

விடியலும் அந்தியும். இது எல்லோருக்கும் தெரிந்த பதில், தெரிந்தும் பலர் வெயில் ஏறிய பிறகுதான் வருகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் வேட்டையாடும் மீனின் கண் அதன் இரையின் கண்ணைவிட நன்றாக வேலை செய்யும். மேகமூட்டமான பகலும் அதே காரணத்தால் நல்லது. பெரிய கெளுத்திக்கு இரவு.

தண்ணீரின் சூட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், கிடைப்பதோ குறையும். அதனால் கடும் வெயில் நாளில் அதிகாலை, நிழல், தண்ணீர் விழுந்து கலங்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். குளிர் காலத்தில் இது தலைகீழ். வெயில் பட்டுத் தண்ணீர் சற்றுச் சூடாகும் பிற்பகல்தான் மேல். அப்போது இரையையும் ஆமை வேகத்தில் நகர்த்த வேண்டும்.

நிலவை வைத்துக் கணிக்கும் கடி நேர அட்டவணைகளை நம்பலாமா?

அவை 1926-ல் ஜான் ஆல்டன் நைட் என்பவர் வகுத்த கணிப்பின் வழி வந்தவை. கடலில் நிலவுக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் ஏற்ற இறக்க அட்டவணையே போதும். குளத்துக்குப் போக அட்டவணை பார்த்து நாள் குறிப்பவர், ஓய்வு கிடைத்த நாளிலெல்லாம் போகிறவரைவிடக் குறைவாகத்தான் பிடிப்பார் என்பது என் எண்ணம்.

பெரிய இரை போட்டால் பெரிய மீன் வருமா?

வேட்டையாடும் மீன்களுக்குப் பெரும்பாலும் ஆம். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் இரையைக்கூடத் தயங்காமல் விழுங்குபவை பல. விரல் நீள மீனை இரையாகப் போட்டால் சின்னவை ஒதுங்கிக்கொள்ளும், அதுவே ஒரு வடிகட்டி. ஆனால் கடியின் எண்ணிக்கை குறையும், காத்திருக்க மனம் வேண்டும். அந்தத் தண்ணீரில் அவை அப்போது எதைத் தின்கின்றனவோ அதற்குக் கிட்டத்தில் இருக்கட்டும். எல்லாம் அரை விரல் நீளப் பொடிமீனைத் துரத்தும் நாளில் முழங்கை நீள லூரை, அதாவது செயற்கை இரையை, போட்டு இழுப்பதில் பயனில்லை.

மேய்ந்து தின்னும் சாதாக் கெண்டை போன்றவற்றுக்கு வேறு வழி. மண்புழுவையும் பிசைந்த மாவையும் சின்ன மீன்கள் கொத்தியே காலி செய்துவிடும். ஊறவைத்து நன்றாக வேகவைத்த மக்காச்சோளம் அல்லது கெட்டியாக வேகவைத்த மாவு உருண்டை அதைத் தாங்கும். உலர்ந்த தானியத்தை அப்படியே போடாதீர்கள், மீன் வயிற்றுக்குள் போய் ஊறி உப்பும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சில நாள் கைப்பிடி கைப்பிடியாகத் தீனி போட்டுப் பழக்கிய பிறகு தூண்டில் போட்டால், பெரியவை பயம் தெளிந்து வரும். கூடை கூடையாகக் கொட்டினால் வயிறு நிறைந்து போய்விடும்.

முள்ளின் எண்கள் குழப்புகின்றனவே?

1-க்கு மேல் எண் கூடக் கூட முள் சின்னது: 10-ஐவிட 4 பெரியது. 1-ஐவிடப் பெரிய முட்களுக்கு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். மீனின் அளவைவிட இரையின் அளவைப் பார்த்து முள்ளைத் தேர்ந்தெடுங்கள், முனை மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

கூர்மை பார்க்க, முனையைக் கட்டை விரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள். நகத்தில் பற்றி நின்றால் சரி, வழுக்கிப் போனால் தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். பெரிய மீனின் வாய் கடினமானது.

விலை உயர்ந்த ராடும் ரீலும் இல்லாமல் முடியுமா?

முடியும். காசைச் செலவழிப்பதானால் முள்ளுக்கும் நரம்புக்கும் செலவழியுங்கள். பெரிய மீன் கைநழுவுவது பெரும்பாலும் முடிச்சிலும் கடைசி ஒரு மீட்டர் நரம்பிலும்தான்.

சாதாரண நைலான் நரம்பு நன்றாக நீளும். மீன் திடீரென்று பாயும்போது அந்த நெகிழ்வு உங்களைக் காப்பாற்றும் என்பதால் புதியவர்களுக்கு அதையே சொல்வேன். பின்னல் நரம்பு மெல்லிசு, பலமானது, ஆனால் கொஞ்சமும் நெகிழாது, கல்லில் உரசினால் சட்டென்று போகும். அதைப் போடுவதானால் முனையில் தடித்த நைலான் லீடர் (முள்ளுக்கு முன்னால் வரும் தனித் துண்டு) ஒன்று கட்டுங்கள். சீலா, வஞ்சிரம் போலப் பல் உள்ளவற்றுக்குக் கம்பி லீடர். ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல் நுனிகளுக்கு நடுவே வைத்து உருவிப் பாருங்கள். சொரசொரவென்று ஒரு சின்னப் புள்ளி தட்டினாலும் அதுவரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

சாதாரண ஒற்றை முடிச்சு நரம்பின் பலத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். பலோமர் முடிச்சு எளிது, பலமானது: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழையுங்கள். அந்த இரட்டை நரம்பில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, முனையிலுள்ள வளையத்துக்குள் முள்ளை முழுதாக நுழைத்து வெளியே எடுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசல் சூட்டில் பலம் போய்விடும்.

டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்கை, எவ்வளவு இறுக்க வேண்டும்?

நரம்பின் தாங்கு பலத்தில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை. 10 கிலோ நரம்பு என்றால் சுமார் இரண்டரை கிலோ இழுப்பில் ரீல் நரம்பை விட வேண்டும். நரம்பு முனையில் கொக்கித் தராசை மாட்டி ஒருவரை இழுக்கச் சொல்லி ஒரு முறை பார்த்துக்கொண்டால், அப்புறம் கையே சொல்லிவிடும். சண்டைக்கு நடுவே பதறிப்போய் டிராக்கை இறுக்காதீர்கள். மீன் ஓடி ரீலில் நரம்பு குறையும்போது சுற்றின் விட்டம் சிறுத்து இழுப்பு தானாகவே கூடும். விட்டம் பாதியானால் இழுப்பு இரண்டு மடங்கு.

எப்போது சுண்டி இழுப்பது?

தக்கை தடுமாறும்போது அல்ல, ஒரு திசையில் சீராக நகரவோ முழுகவோ தொடங்கும்போது. தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு, பிறகு ராடை வீசித் தூக்குங்கள். வட்ட முள் (முனை உள்பக்கம் வளைந்த முள்) போட்டிருந்தால் சுண்டவே கூடாது. மீன் திரும்பிப் போகும்போது சுற்றிக்கொண்டே இறுக்கினால் முள் தானாக வாயோரத்தில் மாட்டும்.

மாட்டிவிட்டது. இப்போது?

அது ஓடினால் ஓடட்டும். டிராக் நரம்பை விட்டுக்கொண்டிருக்கும்போது ரீலைச் சுற்றாதீர்கள், முறுக்குத்தான் ஏறும். நின்றதும் ராடை மெதுவாகத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்றி நரம்பைச் சேகரியுங்கள். ராடு எப்போதும் வளைந்தே இருக்கட்டும், ஆனால் செங்குத்துக்கு மேல் பின்னால் சாய்க்காதீர்கள், நுனி முறியும். வேரையோ தூணையோ நோக்கிப் பாய்ந்தால் ராடைப் பக்கவாட்டில் சாய்த்து அதன் தலையைத் திருப்பப் பாருங்கள். துள்ளினால் ராடைத் தாழ்த்தி நரம்புக்குச் சற்று இளக்கம் கொடுங்கள்.

அதிகம் தப்புவது கரைக்கு அருகில்தான். களைத்து வந்ததாகத் தெரியும் மீன், உங்களையும் வலையையும் கண்டதும் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும். அதற்குத் தயாராக இருங்கள். கைப்பிடி வலையை முன்னதாகவே தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் வைத்து, மீனை அதன் மேல் கொண்டுவந்து தூக்க வேண்டும். வலையை எடுத்துக்கொண்டு மீனைத் துரத்தினால் வளையம் நரம்பில் பட்டு எல்லாம் முடிந்துவிடும்.

பேசினால் மீன் ஓடிவிடுமா?

காற்றில் வரும் பேச்சொலி பெரும்பாலும் தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். கரையில் தொப்தொப்பென்று நடப்பதும் படகில் எதையாவது போடுவதும்தான் கெடுதல். தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல். மீனின் விலாவோரத்தில் ஓடும் உணர்கோடு அருகிலுள்ள சின்ன அசைவையும் பிடித்துவிடும். பார்வையைப் பொறுத்தவரை, மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேல் சுமார் 97 டிகிரி விரியும் ஒரு வட்டத்துக்குள் தெரிகிறது. அதன் ஓரத்தில் எல்லாம் நசுங்கித் தெரியும். கரையில் குனிந்தோ உட்கார்ந்தோ இருந்தால் நீங்கள் அதன் பார்வையில் படுவது குறைவு.

ஒரே இடத்தில் எவ்வளவு நேரம்?

லூர் என்றால் வெவ்வேறு கோணத்தில் பதினைந்து இருபது வீச்சு, பிறகு நகருங்கள். தீனி போட்டுப் பழக்கிய இடமென்றால் கொக்கு மாதிரி உட்கார வேண்டியதுதான்.

பெரிய மீனைத் திரும்ப விட வேண்டுமா?

அந்த நீர்நிலையின் விதி, அளவு வரம்பு, தடைக் காலம் ஆகியவை முதலில். அதற்குட்பட்டு, பெரியதை விட்டுவிட்டு நடுத்தரத்தை வைத்துக்கொள்வது நல்லது என்பேன். 2018-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்றின்படி, 30 கிலோ அட்லாண்டிக் காட் பெண்மீன் ஒன்று இடும் முட்டைகளுக்கு ஈடாக 2 கிலோ மீன்கள் 28 வேண்டும். எடையில் அவை மொத்தம் 56 கிலோ.

விடுவதானால் கையை நனைத்துப் பிடியுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். செவுளில் விரல் விட்டுத் தொங்கவிடாமல், வயிற்றுக்கு அடியில் தாங்கிக் கிடைமட்டமாக வையுங்கள். படம் எடுக்கும்போது உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டும். ஓட்டத்தை எதிர்நோக்கித் தண்ணீரில் பிடித்திருந்தால், தெம்பு வந்ததும் அதுவே கையை உதறிக்கொண்டு போகும்.

தராசு இல்லாமல் எடையை எப்படிச் சொல்வது?

ஒரு அளவு நாடா போதும். மூக்கிலிருந்து வாலின் கவட்டை வரை நீளம், உடம்பின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு, இரண்டையும் செ.மீ.யில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 29,000-ஆல் வகுத்தால் தோராயமான கிலோ கிடைக்கும். 80 செ.மீ. நீளம், 50 செ.மீ. சுற்றளவு என்றால் ஏறத்தாழ 7 கிலோ. அளக்கும்போது மீன் ஈரத் துணியின் மேலோ வலைக்குள்ளோ இருக்கட்டும், கணக்கை அதை விட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம்.